கப்பல் சுற்றுலாவில் கைச்செலவுப் பணம்: மதுரையில் கிளம்புவது முதல் வீடு திரும்புவது வரை

மதுரையிலிருந்து சிங்கப்பூர் போய், அங்கே கப்பல் ஏறி, பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவிட்டு மூன்று நான்கு இரவுகளில் திரும்பும் குடும்பங்கள் இப்போது நிறைய. சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறுபவர்களும் உண்டு. டிக்கெட், விசா, துணிமணி எல்லாம் ஒரு மாதம் முன்பே தயாராகிவிடும். பணத்தைப் பற்றி மட்டும் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி யோசிப்பார்கள்.

கப்பலில் திருட்டுப் போகும் பணத்தைவிட, இருந்தும் எடுக்க முடியாமல் போகும் பணம்தான் அதிகம். கார்டு வேலை செய்யாது, ஓடிபி வராது, ரொக்கம் பெட்டிக்குள் இருக்கும், பெட்டி வேறு யார் கையிலோ இருக்கும். முதல்முறை வருபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். கீழே உள்ள வேலைகளை அதே வரிசையில் செய்தால் இந்தத் தொல்லை வராது. வரிசை மாறினால், முன்னால் செய்ததைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

1. கப்பலில் கணக்கு எப்படி ஓடுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான சுற்றுலாக் கப்பல்களுக்குள் ரொக்கம் செல்லாது. ஏறும்போது ஆளுக்கொரு கார்டு கொடுப்பார்கள். அறைக் கதவைத் திறப்பதும் அதுதான், காபி வாங்குவதும் அதுதான். செலவெல்லாம் உங்கள் கணக்கில் ஏறிக்கொண்டே வரும். அந்தக் கணக்குக்கு உங்கள் கிரெடிட் கார்டை இணைக்கலாம், அல்லது கவுன்ட்டரில் ரொக்கமாக முன்பணம் கட்டலாம்.

கணக்கு எந்த நாணயத்தில் என்று முன்பதிவுத் தாளிலேயே பாருங்கள். சிங்கப்பூரில் புறப்படும் கப்பல்களில் சில சிங்கப்பூர் டாலரில் எழுதும், சில அமெரிக்க டாலரில் எழுதும். இது தெரியாமல் நாணயம் வாங்கப் போனால் தப்பான நோட்டோடு திரும்புவீர்கள்.

அடுத்தது டிப்ஸ். பல கப்பல்களில் இது நீங்கள் விரும்பிக் கொடுப்பது அல்ல, ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறும். சாதாரண அறைக்கு 18 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர், நான்கு இரவு என்றால் 288 டாலர். டாலர் ₹85 என்று போட்டாலும் ₹24,480. கைக்குழந்தை தவிர பிள்ளைகளுக்கும் இது உண்டு என்பதைப் பலர் பில் வரும்போதுதான் கவனிக்கிறார்கள்.

இந்த டிப்ஸ், கரைச் சுற்றுலா, குளிர்பானப் பேக்கேஜ் எல்லாவற்றையும் மதுரையில் இருக்கும்போதே இணையத்தில் கட்ட முடியுமானால் கட்டிவிடுங்கள். கொண்டுபோக வேண்டிய பணம் நிறையக் குறையும்.

2. கார்டுகளை வீட்டிலேயே தயார் செய்யுங்கள்

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே இதை முடியுங்கள். புது கார்டு வாங்க வேண்டி வந்தால், அது தபாலில் வந்து சேர நாள் வேண்டும்.

முதலில் கார்டின் மூலையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் பலர் கையில் இருப்பது ரூபே டெபிட் கார்டு. உள்நாட்டுக்கு மட்டும் கொடுக்கப்பட்ட ரூபே கார்டு வெளிநாட்டில் வேலை செய்யாது. கப்பலுக்கு விசா அல்லது மாஸ்டர்கார்டு ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

விசா கார்டாக இருந்தாலும் போதாது. ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்கள்தான் வங்கி ஆப்பில் போய்த் திறக்க வேண்டும். அங்கே கடை மெஷின், ஏடிஎம், இணையம் என்று தனித்தனி சுவிட்ச் இருக்கும். கடை மெஷினையும் ஏடிஎம்மையும் திறந்து, தினசரி வரம்பு வையுங்கள். இணையத்தை, முன்கூட்டியே கட்ட வேண்டியதைக் கட்டும்போது மட்டும் திறந்து, மற்ற நேரம் மூடியே வையுங்கள். வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்பதே இல்லை, கார்டு எண் ஒருவன் கையில் கிடைத்தாலே போதும்.

இதை மதுரையில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுவிட்சைத் திறக்க ஆப்புக்குள் நுழைய வேண்டும், அதற்கு ஓடிபி வேண்டும். நடுக்கடலில் உங்கள் சிம்முக்கு டவர் கிடையாது. கப்பலின் சொந்த நெட்வொர்க்கை போன் தானாகப் பிடித்தால் கட்டணம் எகிறிவிடும், சாதாரண ரோமிங் பேக் பெரும்பாலும் அதற்குப் பொருந்தாது. கப்பல் கிளம்பியதும் போனை ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். ஆக, ஓடிபி வேண்டிய எந்த வேலையும் கரையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

கப்பல் கணக்கில் டெபிட் கார்டை இணைக்காதீர்கள். இதை நான் யாரிடமும் அழுத்திச் சொல்வேன். கப்பல்காரர்கள் செலவுக்கு ஏற்ப ஒரு தொகையை முன்கூட்டியே பிளாக் செய்து வைப்பார்கள். கிரெடிட் கார்டில் அது வரம்பைத்தான் தொடும். டெபிட் கார்டில் சேமிப்புக் கணக்கிலிருக்கும் உங்கள் பணமே நிற்கும். இறுதி பில் தனியாகப் போகும், பிளாக் ஆனது விடுபட நாள் கணக்கில் ஆகும். திரும்பி வந்து பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட நினைத்திருந்த பணம் அப்படி மாட்டினால் மனுஷர் என்ன செய்வார்? கிரெடிட் கார்டு இல்லாதவர்கள் கவுன்ட்டரில் ரொக்கமாக முன்பணம் கட்டுவதே நல்லது.

வெளிநாட்டு நாணயத்தை முன்பே ஏற்றி வைத்துக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு கரையில் செலவழிக்க அருமையான பொருள். வாங்கும் அன்றைய விலையிலேயே நாணயம் நிற்கும், தொலைந்தாலும் உங்கள் சேமிப்புக் கணக்கைத் தொடாது. ஆனால் கப்பல் கணக்கில் அதை இணைத்தால் மேலே சொன்ன அதே பிளாக் தொல்லைதான். சில கப்பல்கள் ப்ரீபெய்டு கார்டை ஏற்பதே இல்லை. இன்னொன்று, கார்டில் ஏற்றாத நாணயத்தில் செலவழித்தால் மாற்றுக் கட்டணம் தனியாகப் பிடிப்பார்கள். சிங்கப்பூர் டாலர் ஏற்றிவிட்டு புக்கெட்டில் தாய்லாந்து நாணயமான பாட் செலவழிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கணவன் மனைவி இருவரும் ஒரே வங்கியின் கார்டைக் கொண்டுபோக வேண்டாம். ஒன்று முடங்கினால் இன்னொன்று ஓட வேண்டும், அதற்குத்தானே இரண்டு கார்டு? வங்கியின் அவசர எண்களை +91 சேர்த்து ஒரு தாளில் எழுதி, பணம் இருக்கும் பையில் இல்லாமல் வேறு பையில் வையுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால், போன் தொலைந்த அன்று அந்த எண்ணும் சேர்ந்து போகும்.

ஜிபே இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: இலங்கையில் 2024 பிப்ரவரியில் இருந்து யுபிஐ வந்திருக்கிறது, சிங்கப்பூரிலும் சில கடைகளில் எடுக்கிறார்கள். ஆப்பில் வெளிநாட்டு யுபிஐயைத் தனியாகத் திறக்க வேண்டும், இணையம் வேண்டும். வேலை செய்தால் நல்லது. ஆனால் அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

3. வெளிநாட்டு நோட்டை மதுரையிலேயே வாங்குங்கள்

விமான நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அங்கே விலை பெரும்பாலும் கூட. டவுனில் உரிமம் பெற்ற நாணய மாற்று அலுவலகங்களும், வங்கிகளின் அந்நியச் செலாவணிக் கிளைகளும் இருக்கின்றன. இரண்டு மூன்று இடங்களில் போன் போட்டு அன்றைய விலையைக் கேளுங்கள். கமிஷன், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து கைக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் மூன்றும் எடுத்துப் போங்கள், அங்கே வெளிநாட்டு நாணயம் வாங்குவதற்கான ஏ2 படிவம் தருவார்கள். ₹50,000-க்கு மேல் ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து வாங்க முடியாது, வங்கிக் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டும். ஒரு பயணத்துக்கு ஒருவர் 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நோட்டாக எடுத்துப் போகலாம். அதற்கு மேல் கார்டில்தான். இந்திய ரூபாய் நோட்டு ஆளுக்கு ₹25,000-க்கு மேல் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

தெரிந்தவர், கமிஷன் இல்லாமல் தருகிறார் என்று ரசீது இல்லாமல் வாங்குவது வேண்டவே வேண்டாம். அது சட்டப்படி தப்பு. கள்ள நோட்டு வந்தால் கேட்க ஆளும் இல்லை.

சிறிய நோட்டாகக் கேளுங்கள். சிங்கப்பூர் டாலரில் 2, 5, 10 நோட்டுகள்தான் உண்மையில் உபயோகப்படும். மலேசிய ரிங்கிட், பாட் வேண்டுமானால் சில நாள் முன்பே சொல்லி வையுங்கள். அமெரிக்க டாலர் வாங்கினால் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பேனாக் கிறுக்கல், கிழிசல், முத்திரை இருந்தால் அங்கேயே மாற்றி வாங்குங்கள். வெளியூர் நாணய மாற்றுக் கடைக்காரர்கள் அப்படிப்பட்ட நோட்டை வாங்க மறுத்துவிடுவார்கள்.

எவ்வளவு ரொக்கம்? கார்டு சரியாக இருந்தால், நால்வர் குடும்பத்துக்கு மூன்று இரவுப் பயணத்தில் 200 சிங்கப்பூர் டாலரும், இறங்கும் ஊருக்கு ஏற்ப கொஞ்சம் பாட் அல்லது ரிங்கிட்டும் போதும் என்பது என் கணக்கு. கப்பலில் முன்பணம் கட்டுபவர்கள் அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. பணத்தை மூன்றாகப் பிரித்து வையுங்கள்

முதல் பங்கு உடம்போடு இருக்கும் உள்பையில். பெரிய நோட்டுகள், இரண்டாவது கார்டு, பாஸ்போர்ட் இதில் போகும். இரண்டாவது பங்கு தோள்பையிலோ பர்ஸிலோ, அன்றைய செலவுக்கு மட்டும். மூன்றாவது பங்கு கூட வருபவரிடம். அவரிடம் வேறு வங்கியின் கார்டும் ஒரு நாள் செலவுக்கான ரொக்கமும் இருக்கட்டும்.

உள்பையைக் கடையில் வாங்குவதைவிடத் தைத்துக்கொள்வதே மேல். கடையில் கிடைப்பது பெரும்பாலும் நைலான், நம் வெயிலுக்கும் சிங்கப்பூர் புழுக்கத்துக்கும் வேர்த்து வழுக்கும். முன்பு புது மண்டபத்தில் இருந்து இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கும் தையல்காரர்களிடம் அளவு சொன்னால் தைத்துக் கொடுப்பார்கள். பாஸ்போர்ட் மடங்காமல் போக ஆறு அங்குல நீளமும் நாலரை அங்குல அகலமும் வேண்டும். பருத்தித் துணி, மேலே ஜிப், பின்னால் நாடா நுழைய ஒரு பட்டி. அந்தப் பட்டிக்கு இரட்டைத் தையல் கேளுங்கள், முதலில் விடுவது அதுதான்.

புடவை கட்டுபவர்கள் அந்தப் பட்டிக்குள் உள்பாவாடை நாடாவை விட்டுக் கட்டினால், பை வலது பக்கம் முன்னால் கொசுவத்துக்குப் பக்கத்தில் உட்காரும், வெளியே தெரியாது. சுடிதார் என்றால் பேன்ட் நாடாவில். ஆண்கள் கால்சட்டையின் உள்பக்கம் ஜிப் வைத்த பாக்கெட் தைத்துக்கொள்ளலாம், அல்லது வியாபாரிகள் வேட்டிக்குக் கட்டும் பை வைத்த பச்சை பெல்ட்டைச் சட்டைக்குள்ளே கட்டலாம். நோட்டுகளை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு அப்புறம் பையில் வையுங்கள், வேர்வை படாது.

இந்தப் பை தொலைவது கூட்டத்தில் அல்ல, கழிப்பறையில். கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அப்படியே வந்துவிடுவார்கள். கழற்றத்தான் வேண்டும் என்றால் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், ஆணியில் மாட்டாதீர்கள்.

நகை பற்றி ஒரு வார்த்தை. தாலிச் சங்கிலி தவிர மற்றதை வீட்டில் வைத்துவிட்டு வருவதே நல்லது. கனமான நகை போட்டே ஆக வேண்டும் என்றால், கிளம்பும்போது இது இங்கிருந்தே கொண்டுபோகும் நகை என்று காட்டும் ஏற்றுமதிச் சான்றிதழை விமான நிலையச் சுங்கத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது கேள்வி வராது.

5. துறைமுகத்தில் பெட்டியைக் கொடுப்பதற்கு முன்

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. துறைமுக வாசலில் பெரிய பெட்டிகளை ஊழியர்கள் வாங்கிக்கொள்வார்கள். அவை உங்கள் அறை வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம் கூட ஆகலாம். அதுவரை அது பல கைகள் மாறும்.

ஒரு அத்தை, பட்டுப்புடவை மடிப்புக்குள் டாலர் நோட்டுகளைச் சுருட்டி வைத்துப் பெட்டியைப் பூட்டியிருந்தார். பெட்டி போன பிறகு கவுன்ட்டரில் முன்பணம் கேட்டார்கள். "பணம் பெட்டிக்குள்ள இருக்குப்பா" என்றார். பெட்டி வரும்வரை நாலு மணி நேரம் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நல்லவேளை, எல்லாம் அப்படியே வந்து சேர்ந்தது.

ஆகவே பணம், கார்டு, பாஸ்போர்ட், மருந்து நான்கும் கைப்பையில்தான். ரயிலில் சென்னை போய்க் கப்பல் ஏறுபவர்களுக்கும் இதே விதிதான். ராத்திரி ரயிலில் கைப்பையைத் தலைமாட்டில் வைத்துத் தூங்க வேண்டாம், உள்பை உடம்பிலேயே இருக்கட்டும்.

6. கப்பலில் ஏறிய முதல் ஒரு மணி நேரம்

சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடுவதற்கு முன் மூன்று வேலை இருக்கிறது.

கணக்கில் கார்டு சரியாக இணைந்திருக்கிறதா என்று கவுன்ட்டரிலோ ஆப்பிலோ பாருங்கள். சரியாகவில்லை என்றால் துறைமுகத்தில் டவர் இருக்கும்போதே தெரிய வேண்டும்.

பிள்ளைகளின் கார்டுக்கு வரம்பு போடச் சொல்லுங்கள், அல்லது செலவை மூடச் சொல்லுங்கள். வீடியோ கேம் கூடத்தில் கார்டைத் தட்டத் தட்ட டாலர் போய்க்கொண்டே இருக்கும், அது பணம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

அறை அலமாரிக்குள் சின்ன டிஜிட்டல் லாக்கர் இருக்கும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஒரு எண் போட்டு, பூட்டித் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் பொருளை வையுங்கள். அறை எண்ணோ பிறந்த வருடமோ வேண்டாம். எண் கணவன் மனைவி இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். உள்பையில் இருந்த பெரிய நோட்டும் இரண்டாவது கார்டும் இனி இங்கேதான். பாஸ்போர்ட்டைக் கப்பல்காரர்களே வாங்கி வைத்தால் அதற்கான சீட்டையும் இங்கேயே வையுங்கள்.

அறைக் கார்டைக் கழுத்துக் கயிற்றில் மாட்டுங்கள். மறந்துவிடும் என்று அதன் மேல் மார்க்கர் பேனாவால் அறை எண்ணை எழுதாதீர்கள். கீழே விழுந்தால் எடுப்பவர் கையில் சாவியும் முகவரியும் ஒன்றாகப் போய்ச் சேரும்.

7. தினமும் ராத்திரி பில்லைப் பாருங்கள்

அறை டிவியிலோ ஆப்பிலோ கணக்கு தெரியும். தூங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் போதும். தப்பாக ஏறியிருந்தால் மறுநாளே சொன்னால் எடுத்துவிடுவார்கள், கடைசி நாள் காலையில் அந்தக் கவுன்ட்டரில் நிற்க இடம் இருக்காது. கப்பலுக்குள் இருக்கும் ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள், கட்டணம் அதிகம். காசினோவில் அறைக் கணக்கிலிருந்து ரொக்கம் எடுத்தாலும் தனிக் கட்டணம் பிடிக்கும் கப்பல்கள் உண்டு.

8. கரை இறங்கும் நாள்

எடுத்துப் போக வேண்டியது: அறைக் கார்டு, ஒரு வங்கிக் கார்டு, அந்த நாட்டுச் சில்லறை, பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸ், அன்றைய விவரங்களை அச்சிட்டுக் கப்பலில் தரும் தாள். பாஸ்போர்ட் மூலத்தைக் கொண்டுபோகச் சொன்னால் மட்டும் கொண்டுபோங்கள். மற்றதெல்லாம் லாக்கரில் தூங்கட்டும்.

கப்பல் தாளில், அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் சார்பில் இருக்கும் துறைமுக முகவரின் எண் இருக்கும். கப்பல் உங்களை விட்டுப் போய்விட்டால் முதலில் அழைக்க வேண்டியது அவரைத்தான். அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில்தான் போக வேண்டும், அதனால் எடுத்துப் போகும் கார்டில் விமான டிக்கெட் வாங்குமளவு வரம்பு இருக்கட்டும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். திரும்ப வேண்டிய நேரம் கப்பல் நேரமா ஊர் நேரமா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கார்டில் பணம் கட்டும்போது மெஷின் "ரூபாயிலா, உள்ளூர் நாணயத்திலா" என்று கேட்கும். ரூபாய் என்று பார்த்ததும் நம் ஆட்கள் ஆசையாக அதைத் தொட்டுவிடுவார்கள். தொடாதீர்கள். அதில் மாற்று விலையை அந்த மெஷின்காரர் வைக்கிறார், கூடுதலாகப் போகும். எப்போதும் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். கடைக்காரர் தானாக ரூபாயை அழுத்திவிட்டால் ரத்து செய்து திரும்பப் போடச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை.

கார்டு உங்கள் கண்ணை விட்டுப் போகக் கூடாது. மெஷினை மேஜைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், பின் எண்ணைக் கை மறைத்துப் போடுங்கள்.

புக்கெட்டில் பல கப்பல்கள் கடலிலேயே நின்று, சிறு படகில் ஆட்களைக் கரைக்கு விடும். படகில் ஏறி இறங்கும் நெரிசலில் தோள்பை முன்பக்கம் இருக்கட்டும். சந்தையில் பேரம் பேசும்போது மொத்த நோட்டுக்கட்டையும் வெளியே எடுக்காமல், முன்கூட்டியே மடித்து வைத்த இரண்டு மூன்று நோட்டை மட்டும் எடுங்கள். கூட்டமான இடத்தில் பணத்தை எண்ணுவதே வேண்டாம்.

9. தொலைந்துவிட்டால்

அறைக் கார்டு என்றால் உடனே கவுன்ட்டருக்குப் போங்கள், பழையதை முடக்கிப் புதியது தருவார்கள். வங்கிக் கார்டு என்றால் தேடிக்கொண்டு நிற்காமல் முதலில் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடுங்கள், பிறகு தேடுங்கள். கிடைத்தால் திரும்பத் திறந்துகொள்ளலாம். இணையம் இல்லை என்றால் கவுன்ட்டரில் சொல்லி, தாளில் எழுதிய எண்ணுக்கு அழையுங்கள். ரொக்கமோ நகையோ என்றால் கப்பலின் பாதுகாப்பு அலுவலரிடமும், கரையில் என்றால் அங்குள்ள போலீஸிலும் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். அந்த நகல் இல்லாமல் இன்ஷூரன்ஸில் பேச்சே எடுக்க முடியாது.

10. கடைசி ராத்திரியும் வீடு திரும்பிய பிறகும்

கடைசி ராத்திரி பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுபடி அதே விதி: பணமும் பாஸ்போர்ட்டும் அதில் போகக் கூடாது. லாக்கரை மறந்துவிட்டு இறங்குபவர்கள் நிறையப் பேர். மறுநாள் போட வேண்டிய செருப்பில் ஒன்றை அலமாரியில் லாக்கருக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். வெறுங்காலோடு யாரும் இறங்க மாட்டார்கள்.

ரொக்கமாக முன்பணம் கட்டியவர்கள் மிச்சத்தை இறங்குவதற்கு முன் கவுன்ட்டரில் வாங்கிவிட வேண்டும். கார்டு இணைத்தவர்களுக்கு இறுதி பில் தானாகப் போகும், அதன் நகலைப் போனில் படம் பிடித்து வையுங்கள்.

சில்லறைக் காசுகளை அங்கேயே செலவழித்துவிடுங்கள், நாணய மாற்றுக் கடையில் காசு எடுக்க மாட்டார்கள். மிச்ச நோட்டுகளை, வாங்கிய ரசீதோடு எடுத்துப்போய், திரும்பிய 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். அடுத்த பயணத்துக்கு என்று 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை கையில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஃபாரெக்ஸ் கார்டில் நிற்பதையும் வங்கியில் சொல்லிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வீடு வந்து சேர்ந்த அன்றே வெளிநாட்டு சுவிட்சை மூடுங்கள். அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டைக் கப்பல் பில்லோடு வரி வரியாக ஒத்துப் பாருங்கள். இரண்டுமுறை ஏறிய தொகை, தெரியாத கடைப் பெயர் ஏதாவது இருந்தால் வங்கிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள், இறுதி பில்லின் படத்தையும் அதோடு இணையுங்கள்.